‘கம்ப்யூட்டர் போயிருச்சு அண்ணே!’ – நம்புவதற்கு முன் பார்க்க வேண்டியவை

செம்பனைத் தோட்டத்திலிருந்து பட்டணத்துத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் ஒருவர் விடியற்காலையில் காரின் சாவியைத் திருப்புகிறார். ஸ்டார்ட்டர் சுற்றுகிறது. இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. டோ லோரியை வரவழைத்துப் பட்டறைக்குக் கொண்டு போகிறார். போமன் ஸ்கேனரைச் செருகிப் பார்க்கிறார். ஸ்கேனரில் ஒன்றும் வரவில்லை. “இன்ஜின் கம்ப்யூட்டர் போயிருச்சு அண்ணே, மாத்தணும்” என்கிறார். அவர் சொல்லும் விலையைக் கேட்டதும் அண்ணனுக்குத் தலை சுற்றுகிறது.

இப்படிப்பட்ட பேச்சு இன்று பல குடும்பங்களுக்குப் புதிதல்ல. பழைய கணினியோ புதியதோ, வாங்கிப் பொருத்தி முடிப்பதற்குள் சில நூறு ரிங்கிட்டிலிருந்து சில ஆயிரம் ரிங்கிட் வரை கையை விட்டுப் போய்விடும். அதைவிடக் கொடுமை, கணினியை மாற்றிய பிறகும் கார் ஓடாமல் நிற்பது. கடைசியில் பார்த்தால் எரிந்து போன ஒரு பியூஸோ, துருப்பிடித்த ஓர் எர்த் கம்பியோதான் காரணமாக இருக்கும்.

இன்ஜின் கணினி உண்மையிலேயே பழுதாவது உண்டு. ஆனால் அது கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய பொருள். அதற்கு முன் எவற்றைச் சோதிக்க வேண்டும், எந்த அடையாளங்கள் தெரிந்தால் ‘கோளாறு பெட்டிக்குள்தான்’ என்று முடிவு செய்யலாம் என்பதை வாகன உரிமையாளரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

1985-இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவில் கார்பரேட்டர்தான் இருந்தது. பெட்ரோலும் காற்றும் கலப்பதைக் கண்ணால் பார்த்து, ஸ்குரூவைத் திருகிச் சரிசெய்ய முடிந்தது. 2005-இல் பெரோடுவா மைவி வந்தபோது அந்த வேலை முழுவதும் கணினியின் கைக்குப் போய்விட்டது. இன்று சாலையில் ஓடும் கார்களில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை.

ஈசியூ என்று பட்டறைகளில் சொல்லப்படும் இந்தப் பெட்டி, சென்சர்கள் அனுப்பும் தகவல்களைக் கேட்கிறது. கிரேங்க் எந்த நிலையில் சுற்றுகிறது, எவ்வளவு காற்று உள்ளே போகிறது, தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கிறது, எண்ணெய் மிதி எவ்வளவு அழுத்தப்பட்டுள்ளது என்பதையெல்லாம் கணக்கிட்டு, எந்த நொடியில் பெட்ரோலைப் பீய்ச்சுவது, எப்போது பொறி கொடுப்பது என்று முடிவு செய்கிறது. நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது, கணினி ஒவ்வொரு நொடியும் 100 முறை பொறி கொடுக்க வைக்கிறது.

பெட்டிக்குள் முக்கியமாக நான்கு பகுதிகள் உண்டு. பேட்டரியின் 12 வோல்ட்டைக் குறைத்து 5 வோல்ட் தரும் மின்பகுதி ஒன்று. கணக்கிடும் சிப் இரண்டாவது. கட்டளைகளும் அளவுகளும் பதிந்திருக்கும் நினைவகம் மூன்றாவது. இன்ஜெக்டர், இக்னிஷன் காயில், ரிலே ஆகியவற்றை இயக்கும் டிரான்சிஸ்டர்கள் நான்காவது. எந்தப் பகுதி பழுதானது என்பதைப் பொறுத்துக் காரில் தெரியும் அடையாளமும் மாறும்.

முதலில் பேட்டரி, பியூஸ், எர்த்

மின்சாரம் ஒழுங்காக வராத கணினி, செத்த கணினியைப் போலவே நடந்துகொள்ளும். ஆகவே சோதனை பேட்டரியில் தொடங்க வேண்டும்.

இன்ஜின் நின்றிருக்கும்போது நல்ல பேட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது அது 10 வோல்ட்டுக்குக் கீழே வெகுவாக இறங்கினால் கணினி தடுமாறத் தொடங்கும். இன்ஜின் ஓடும்போது சாதாரணமாக 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கும். இந்த மூன்று அளவையும் பார்க்க ஒரு மல்டிமீட்டர் போதும்.

அடுத்தது பியூஸும் ரிலேயும். கணினிக்கு மின்சாரம் ஒரே வழியில் வருவதில்லை. நினைவகத்துக்காக எப்போதும் வரும் கம்பி ஒன்று, சாவி திருப்பியதும் வரும் கம்பி ஒன்று, மெயின் ரிலே வழியாக வரும் கம்பி ஒன்று என்று பல உண்டு. இவற்றில் ஒன்று அறுந்தாலும் கணினி ஊமையாகிவிடலாம்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. உள்ளே துருப்பிடித்து ஓரிரு இழைகள் மட்டும் மிஞ்சியிருக்கும் கம்பியிலும் மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டும். மீட்டர் இழுக்கும் மின்சாரம் மிக மிகக் குறைவு என்பதே அதற்குக் காரணம். அதனால் அனுபவமுள்ள போமன்கள் கணினியின் பிளக்கைக் கழற்றி, மின்சாரம் வரும் கம்பியில் 21 வாட் சிக்னல் பல்பு ஒன்றை எரிய வைத்துப் பார்ப்பார்கள். பல்பு பளிச்சென்று எரிந்தால் கம்பி நல்லது. மங்கினால் கோளாறு கம்பியில்தான். இந்தப் பல்பை சென்சர் கம்பிகளில் மட்டும் வைத்துப் பார்க்கக் கூடாது. அது கணினியையே கெடுத்துவிடும்.

எர்த் கம்பியையும் இதே கவனத்தோடு பார்க்க வேண்டும். பிளக்கைத் திரும்ப மாட்டிவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மற்றொன்றைக் கணினியின் எர்த் முனையிலும் வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். 0.1 வோல்ட் அளவுக்குள் இருந்தால் சரி. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று ஏறினால், கணினியை விட்டுவிட்டு எர்த் பிடித்திருக்கும் இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்க வேண்டும்.

தோட்டப்புறக் கார்களில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. செம்பனைத் தோட்டங்களில் எலிகளுக்குப் பஞ்சமில்லை. இரவில் இன்ஜின் சூட்டுக்கு ஒதுங்கும் எலி வயரைக் கடித்து வைக்கும். பியூஸ் பெட்டிக்குள் எறும்பு கூடு கட்டும். கணினியைக் கழற்றுவதற்கு முன் டார்ச் விளக்கை அடித்து வயரிங் முழுவதையும் ஒருமுறை பார்ப்பது பணத்தைக் காப்பாற்றும்.

ஸ்கேனர் பேசவில்லை என்றால்?

சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பியதும் மீட்டரில் மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு எரிய வேண்டும். இன்ஜின் பிடித்ததும் அணைய வேண்டும். பெரும்பாலான கார்களில் அந்த விளக்கு எரியவே இல்லை என்றால், கணினிக்கு மின்சாரம் வரவில்லை அல்லது கணினி விழிக்கவில்லை என்று பொருள்.

ஸ்கேனர் செருகும் 16 முனை சாக்கெட்டிலும் கோளாறு இருக்கலாம். அதில் 16-ஆம் முனையில் பேட்டரி மின்சாரமும், 4, 5 ஆகிய முனைகளில் எர்த்தும் இருக்க வேண்டும். பல கார்களில் இந்தச் சாக்கெட்டும் சிகரெட் லைட்டரும் ஒரே பியூஸில் ஓடுகின்றன. மலிவான போன் சார்ஜர் ஒன்று அந்தப் பியூஸை எரித்திருந்தால் ஸ்கேனருக்கே மின்சாரம் கிடைக்காது. அதை வைத்துக் கணினி செத்துவிட்டது என்று சொல்ல முடியாது.

ஸ்கேனர் பிரேக்கின் ஏபிஎஸ், ஏர்பேக் ஆகியவற்றோடு பேசுகிறதா என்று பார்ப்பது அடுத்த படி. எதனோடும் பேசவில்லை என்றால் சாக்கெட்டையோ, கணினிகளை இணைக்கும் கம்பிகளையோ சந்தேகிக்க வேண்டும். மற்றவை பேசுகின்றன, இன்ஜின் கணினி மட்டும் பேசவில்லை என்றால் சந்தேகம் அந்தப் பெட்டியையும் அதற்கு வரும் மின்சாரத்தையும் சுற்றிக் குறுகுகிறது.

ஒரு சென்சர் முழு காரையும் நிறுத்தும்

மின்சாரமும் எர்த்தும் நன்றாக இருந்தும் கணினி விழிக்காமல் கிடக்கலாம். அப்போது பார்க்க வேண்டியது 5 வோல்ட். கணினி தனக்குள் தயாரிக்கும் இந்த மின்சாரம் பல சென்சர்களுக்கு ஒன்றாகப் பகிரப்படுகிறது. அவற்றில் ஒரே ஒரு சென்சர் உள்ளே ஷார்ட் ஆனாலும் 5 வோல்ட் முழுவதும் சரிந்துவிடும். ஏர்கான் குழாயில் இருக்கும் அழுத்த சென்சர் ஷார்ட் ஆகி இன்ஜினே பிடிக்காமல் போவதும் உண்டு என்றால் பலருக்கு வியப்பாக இருக்கும்.

சோதனை எளிது. சாவியை ‘ஆன்’ செய்து, ஏதாவது ஒரு சென்சர் பிளக்கில் 5 வோல்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வரவில்லை என்றால் சென்சர்களின் பிளக்கை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பி வருகிறதோ, அந்தச் சென்சர்தான் குற்றவாளி. கணினியின் விலையோடு பார்த்தால் அதன் விலை மிகச் சிறியது.

எல்லாச் சென்சர்களையும் கழற்றிய பிறகும் 5 வோல்ட் வரவில்லை என்றால், இடையில் உள்ள கம்பி பாடியில் உரசி ஷார்ட் ஆகியிருக்கலாம். கணினியின் பிளக்கிலிருந்து அந்த 5 வோல்ட் கம்பியை மட்டும் பிரித்துவிட்டு, கணினியின் முனையிலேயே அளக்க வேண்டும். மின்சாரமும் எர்த்தும் நல்லவை என்று உறுதியான பிறகு, அங்கும் 5 வோல்ட் இல்லை என்றால், கோளாறு பெட்டிக்குள் இருக்கிறது என்று துணிந்து சொல்லலாம்.

கோட் எண் தீர்ப்பு அல்ல

கணினி தன்னைத்தானே சோதித்துக்கொண்டு, தன் உள்கோளாறைக் கோட் எண்ணாகக் காட்டுவதும் உண்டு. பி0601 நினைவகத்தில் பதிந்துள்ள தகவலின் கூட்டுக் கணக்கு சரியில்லை என்பதைக் குறிக்கும். பி0604, பி0605 ஆகியவையும் நினைவகக் கோளாறுகளைச் சொல்பவை. பி0606 கணக்கிடும் சிப்பைப் பற்றியது.

ஆனால் இவை வந்த உடனே கணினியைக் குப்பையில் போட்டுவிடக் கூடாது. பேட்டரி பலவீனமாக இருந்தாலும் இந்த எண்கள் வரலாம். பி0603 என்ற எண் பேட்டரியைக் கழற்றி மாட்டினாலே சில கார்களில் வந்துவிடும். எண்ணைக் குறித்துக்கொண்டு, அழித்துவிட்டு, நல்ல பேட்டரியோடு சில நாள் ஓட்டிப் பார்க்க வேண்டும். மின்சாரமும் எர்த்தும் சரியாக இருந்தும் அதே எண் மீண்டும் மீண்டும் வந்தால் சந்தேகம் வலுக்கிறது. அப்போதும் சில கார்களில் மென்பொருளைப் புதிதாகப் பதிவேற்றினாலே கோளாறு தீர்ந்துவிடுவதுண்டு.

ஒரே ஒரு சிலிண்டர் வேலை செய்யாதபோது

கணினி முழுவதும் சாகாமல், ஒரு டிரான்சிஸ்டர் மட்டும் எரிந்து போவது இன்னொரு வகை. கார் ஓடும், ஆனால் குலுங்கும். ஸ்கேனரில் பி0302 என்று வந்தால் இரண்டாவது சிலிண்டரில் எரிப்பு தவறுகிறது என்று பொருள்.

முதலில் இரண்டாவது சிலிண்டரின் காயிலை மூன்றாவதற்கு மாற்றிப் பார்க்க வேண்டும். கோளாறும் மூன்றாவதற்கு மாறினால் காயில்தான் பழுது. மாறவில்லை என்றால் ஸ்பார்க் பிளக், கம்ப்ரெஷன், இன்ஜெக்டர் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

இன்ஜெக்டர் பிளக்கில் ஒரு பக்கம் எப்போதும் மின்சாரம் இருக்கும். மறுபக்கத்தைக் கணினி விட்டுவிட்டு எர்த் செய்கிறது. அங்கே சிறிய சோதனை விளக்கைச் செருகி ஸ்டார்ட்டரைச் சுற்றினால் விளக்கு மினுக்க வேண்டும். மற்ற மூன்றிலும் மினுக்கி, ஒன்றில் மட்டும் மினுக்கவில்லை, அங்கிருந்து கணினி வரை போகும் கம்பியும் அறுபடவில்லை, ஷார்ட்டும் இல்லை என்றால் கணினிக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் போய்விட்டது.

அது ஏன் போனது என்பதையும் பார்க்க வேண்டும். சாதாரண வகை இன்ஜெக்டரின் மின்தடை ஏறக்குறைய 12 முதல் 16 ஓம் வரை இருக்கும். அது இரண்டு, மூன்று ஓம் என்று இறங்கியிருந்தால் இன்ஜெக்டர் ஷார்ட் ஆகி டிரான்சிஸ்டரை எரித்திருக்கிறது. இதைக் கவனிக்காமல் வேறு கணினியைப் பொருத்தினால் அதுவும் அதே வழியில் போகும். பணம் இரண்டு மடங்காகச் செலவாகும்.

சூடேறினால் நிற்கும் கார்

காலையில் நன்றாக ஓடிய கார் மதிய வெயிலில் திடீரென்று நின்றுவிடும். அரை மணி நேரம் ஆறிய பின் ஒன்றும் நடவாததுபோல் பிடிக்கும். கணினிக்குள் சோல்டர் விரிசல் விட்டிருந்தால் இப்படி நடக்கலாம். ஆனால் கிரேங்க் சென்சர் பழுதானாலும் இதே அடையாளம்தான். அதுவே அதிகமாக நடப்பதும்கூட.

இரண்டையும் பிரித்தறிய, கார் நின்ற அந்த நேரத்திலேயே சோதிக்க வேண்டும். ஆறிய பிறகு பார்த்துப் பயனில்லை. ஸ்டார்ட்டரைச் சுற்றும்போது ஸ்கேனரில் இன்ஜின் சுற்று பூஜ்யம் என்று காட்டினால் கிரேங்க் சென்சரையும் அதன் கம்பியையும் முதலில் பார்க்க வேண்டும். ஸ்கேனரே பேச மறுத்து, 5 வோல்ட்டும் மறைந்து, மின்சாரமும் எர்த்தும் மட்டும் நன்றாக இருந்தால் கணினி மீது குற்றம் சாட்டலாம்.

பெட்டியைத் திறந்தால்

மூடியைத் திறந்தவுடன் கண்ணுக்கே தெரியும் கோளாறுகளும் உண்டு. பச்சை நிறத் துரு இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கருகிய தடம் இருந்தால் ஷார்ட் நடந்திருக்கிறது. 1990-களில் வந்த சில மிட்சுபிஷி கணினிகளில் கெப்பாசிட்டர் கசிந்து பலகையை அரிப்பது பரவலாக அறியப்பட்ட பழுது. திறந்ததும் மீன் கவிச்சி போன்ற வாடை வரும். ஆரம்பத்திலேயே பார்த்தால் கெப்பாசிட்டரை மாற்றிப் பலகையைச் சுத்தம் செய்து காப்பாற்றிவிடலாம்.

புதிய கார்களின் கணினிகள் பெரும்பாலும் பசை ஊற்றி மூடப்பட்டவை. சிலவற்றின் உள்ளே தலைமுடியைவிட மெல்லிய கம்பிகள் இருக்கும். சாதாரணச் சோல்டரிங் கோலை வைத்துக்கொண்டு அதில் கைவைப்பது இருப்பதையும் கெடுக்கும். அதற்கென்றே இருக்கும் பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதே முறை.

கணினியைக் கொல்லும் பழக்கங்கள்

கார்பரேட்டர் காலத்தில் அல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி முனையைக் கழற்றுவார்கள். இன்னும் சிலர் அப்படிச் செய்கிறார்கள். அந்த நொடியில் மின்னழுத்தம் பல பத்து வோல்ட்டுக்குத் துள்ளிக் கணினியைச் சுட்டுவிடக்கூடும். கணினி உள்ள காரில் இதைச் செய்யவே கூடாது.

ஜம்ப்பர் வயரைத் தலைகீழாக மாட்டுவது, பேட்டரியைக் கழற்றாமல் பாடியில் வெல்டிங் செய்வது, உயர் அழுத்தத் தண்ணீரால் இன்ஜினைக் கழுவுவது, அலாரமும் கூடுதல் விளக்குகளும் பொருத்தக் கண்ட இடத்தில் வயரை வெட்டி ஒட்டுவது ஆகியவையும் கணினிக்கு எமன்.

வெள்ளம் இன்னொரு எதிரி. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா போன்ற இடங்களில் கார்கள் தண்ணீரில் மூழ்கியதை யாரும் மறந்திருக்க முடியாது. சில கார்களில் கணினி முன்பயணியின் காலடிப் பக்கம் இருப்பதால், இருக்கை அளவுக்குத் தண்ணீர் ஏறினாலே அது நனைந்துவிடும். நனைந்த காரில் சாவியைத் திருப்பக் கூடாது. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, கணினியை வெளியே எடுத்துக் காய வைக்க ஏற்பாடு செய்ய வேண்டும். ஈரத்தோடு மின்சாரம் பாய்வதுதான் பலகையை அழிக்கிறது. சாதாரண முழுக் காப்புறுதியில் வெள்ளச் சேதம் தானாக அடங்குவதில்லை. அதைத் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால்

எல்லாச் சோதனையும் முடிந்து, பழுது கணினியில்தான் என்று உறுதியான பிறகும் அவசரப்பட வேண்டாம். பழைய பொருள் கடையில் அதே மாதிரி தெரியும் பெட்டி மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் மேலே ஒட்டியிருக்கும் பாக எண் ஒத்துப்போக வேண்டும். ஆட்டோ கியருக்கும் மேனுவல் கியருக்கும் கணினி வேறாக இருக்கும். இம்மொபிலைசர் உள்ள கார் என்றால் அந்தக் கணினி வேறொரு காரின் சாவியைத்தான் நினைவில் வைத்திருக்கும். சாவியோடு அதைப் பொருத்திக் கொடுப்பதற்கு, அல்லது பழைய கணினியின் தகவலை அதில் நகலெடுப்பதற்கு ஆகும் செலவையும் சேர்த்தே விலை பேச வேண்டும். எந்தக் காரணம் கொண்டும் பழைய கணினியை வீசிவிடக் கூடாது. அந்தத் தகவல் அதற்குள்தான் இருக்கிறது.

பட்டறையில் சண்டை போட வேண்டியதில்லை. நான்கு கேள்விகளை மரியாதையாகக் கேட்டால் போதும். கணினிக்கு வரும் மின்சாரத்தையும் எர்த்தையும் பல்பு வைத்துப் பார்த்தீர்களா? 5 வோல்ட் இருக்கிறதா? என்ன கோட் எண் வந்தது? கணினி ஏன் போனது? வேலை தெரிந்த போமன் இதற்குக் கோபப்பட மாட்டார். அளந்த அளவைச் சொல்வார். பதில் வரவில்லை என்றால் வேறொரு பட்டறையில் காட்டுவதே நல்லது. விலையையும் உத்தரவாதக் காலத்தையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு, கழற்றிய பொருளையும் ரசீதையும் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

தேவையில்லாமல் கணினியை மாற்றிப் பணம் வாங்கிவிட்டார்கள் என்று கருதுபவர், 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தை நாடலாம். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அங்கே வைக்கலாம். மூன்று ஆண்டுகளுக்குள் வைக்க வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் ரசீது இல்லாதவரின் வழக்கு நிற்பது கடினம்.

தோட்டத்திலும் தாமானிலும் இருப்பவர்களுக்குக் கார் ஆடம்பரம் அல்ல. பஸ் வராத இடத்தில் அதுதான் வேலைக்கும் பள்ளிக்கும் கிளினிக்குக்கும் வழி. அந்தக் கார் நிற்கும்போது ஒரு மல்டிமீட்டரும், ஒரு பல்பும், வரிசை தவறாமல் பார்க்கும் அரை மணி நேரப் பொறுமையும் பல வேளைகளில் ஒரு மாதச் சம்பளத்தைக் காப்பாற்றிக் கொடுக்கும்.